இருபது மணி நேரம், பூஜ்ஜியம் நிமிடம்

1

இருபது மணி நேரம், பூஜ்ஜியம் நிமிடம். பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் எங்கள் பல்கலைக்கழக வாலிபால் அணி பயிற்சி செய்த நேரம் அது. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

இது கதையாகப் பிறக்கவில்லை. உதவித்தொகைக் குழு என்னிடம் கேட்டது ஒரு பக்க விளக்கம்: அந்த வாரத்தின் மணிக்கணக்கு எப்படிப் பதிவானது என்று வியாழன் காலை பதினொரு மணிக்குள் எழுதித் தர வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'நான்' என்று தொடங்க வேண்டியிருந்தது. வரவில்லை. 'சங்கீதா' என்று தொடங்கிப் பார்த்தேன். வந்தது.

சங்கீதாவுக்கு என் வேலையையே கொடுத்திருக்கிறேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: முவைலாவின் கட்டடங்களுக்கு மேல் வெயில் ஏறி—

[விட்டுவிட்டேன். வெயிலில் தொடங்காத ஒரு ஷார்ஜா கதையாவது இருக்கட்டும்.]

இரண்டாவது தொடக்கம்: சங்கீதா இயற்பியல் பட்டதாரி. ஆட்டக்காரர்கள் பனியனுக்குள் முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி அணிவார்கள். ஓடியது, குதித்தது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று அது எழுதிக்கொள்ளும். சங்கீதா அதைக் கழற்றி வாங்கி, சார்ஜில் போட்டு, பதிவைக் கணினியில் இறக்கி, வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு அனுப்புவாள். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

அருள்முருகன் அந்த அணியில் எழும்பிப் பந்தை அடிக்கிற ஆள். முதுகுளத்தூர்ப் பக்கம். கல்லூரிக் கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், விசா பல்கலைக்கழகத்துடையது. அணியில் இடம் போனால் மூன்றும் போகும். அவன் அப்பா மாயாண்டி அதே ஷார்ஜாவில் ஒப்பந்தக் கம்பெனியில் சாரம் கட்டுகிறார். அப்பா தொழிலாளர் கேம்ப்பில், மகன் விடுதியில். நடுவே பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

3

ஜனவரியில் பன்னிரண்டு பேரும் சங்கம் அமைப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தச் சொல்லை வாட்ஸப்பில் எழுதப் பயந்து, குழுவுக்கு 'வெள்ளிக்கிழமை பிரியாணி' என்று பெயர் வைத்தார்கள். பயிற்சியாளர் ஸ்ரீனிவாசன் ஒருநாள் கேட்டார்:

"திங்கக்கிழமையும் பிரியாணியாடா? வெயிட் ஏறுது, பாத்துக்கோங்க."

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது மூன்று: பயிற்சி வாரத்துக்கு இருபது மணி நேரம் என்ற வரம்பை மீறக் கூடாது, ஸ்பான்சர் விழாவில் நாற்காலி போடுவதையும் நேரத்தில் சேர்க்க வேண்டும், அடிபட்டால் இடம் பறிபோகக் கூடாது.

மாயாண்டியிடம் மகன் இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஃப்டீரியா வாசலில். [சங்கீதா அங்கே இல்லை. அருள்முருகன் பின்னால் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியது.]

"ஏன்டா, பதினோராவது மாடியில தொங்குற எங்களுக்கே சங்கம் கெடையாது. பந்து தட்டுற ஒனக்கு எதுக்கு?"

"தொங்குனா ஒங்களுக்குச் சம்பளம் வருதுல்லப்பா. எனக்கு ஃபீஸ் இல்லைங்கிறதுதான் சம்பளம்."

"வெளாட்டு எப்படிடா டூட்டி ஆகும்?"

"லேட்டாப் போனா ஃபைன். லீவு கேட்டா மாஃபி, கெடையாது. ஒடம்புக்கு முடியலைன்னா, யல்லா, எந்திரி. அப்ப இது என்ன?"

மாயாண்டி டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க போர்மேன் பரவால்ல போலருக்கே." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மொத கையெழுத்து யாரு?"

"நான்தான்."

"கூறுகெட்ட பயலே. கேம்ப்ல நாங்க பேரை வட்டமா எழுதுவோம். யாரு மொதல்னு எவனுக்கும் தெரியக் கூடாது. மொத ஆளத்தான் ஊருக்கு அனுப்புவான்."

கடிதத்தில் பெயர்களை வட்டமாக மாற்றி எழுதினார்கள். பன்னிரண்டு பெயர்கள், கடிகாரம் போல. இரண்டு பெயர்களுக்கு நடுவே கொஞ்சம் அதிக இடைவெளி இருந்தது.

"அக்கா, இது ஒங்களுக்கு விட்டது," என்றான் அருள்முருகன்.

"நான் பிளேயர் இல்லையே தம்பி," என்றாள் சங்கீதா.

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும். கல்லூரியில் விளையாடுகிறவர்களுக்குச் சங்கம் வேண்டுமா?

எனக்கு உடனே ஆம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் படிக்க வந்தவர்கள். ஆட்டம் அவர்களுக்குப் பிடிக்கும், தோற்றால் அழுகிறார்கள். சம்பளத்துக்காக மட்டும் செய்கிற காரியத்தில் யாரும் அப்படி அழுவதில்லை. மேலும் அதை உழைப்பு என்று ஒப்புக்கொண்டால் மாணவர் விசாவில் உழைத்தாயா என்ற கேள்வி வரும். தொழிலாளிக்கே சங்கம் அனுமதிக்கப்படாத நாட்டில் அந்தக் கேள்வியை யார் போய் வாங்கிக்கொள்வது?

ஆனால் அவர்களை மாணவர்கள் என்று சொல்லும் அதே அலுவலகம்தான் அவர்கள் படத்தைப் பஸ்ஸில் ஒட்டிச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிறது. கருவிக்கு இந்த விவாதமெல்லாம் கிடையாது. ஆட்டமோ உழைப்போ, அது நிமிடத்தை எழுதும்.

[இந்தப் பகுதி ஒரு பக்க விளக்கத்தில் இருக்கப்போவதில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.]

5

பிப்ரவரி இரண்டாவது வாரம், சனிக்கிழமை. எழும்பி அடித்து இறங்கும்போது அருள்முருகனின் இடது முழங்கால் திரும்பியது. ஆறு மாதம் ஆட முடியாது என்றார் மருத்துவர்.

விதி எளிது. அணிப் பயிற்சியில் அடிபட்டால் சிகிச்சையும் இடமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. சொந்தமாக ஆடி அடிபட்டால் மாணவரின் பொறுப்பு. தாளின்படி அந்த வாரத்தின் இருபது மணி நேரம் வியாழனோடு முடிந்துவிட்டது. ஆகவே சனிக்கிழமை அணிப் பயிற்சியே நடக்கவில்லை. அவன் தானாகப் போய் ஆடியிருக்கிறான்.

மற்ற பதினொரு பேரும் பயிற்சி நடந்தது என்றார்கள். கடிதம் போட்டவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள் என்றது அலுவலகம். சங்கம் இருந்திருந்தால் அவர்கள் பக்கம் பேச ஓர் ஆளாவது உள்ளே போயிருப்பார். வட்டத்தால் உள்ளே போக முடியவில்லை.

தாளில் நேரம் குறைந்தது எப்படி? இந்த இடத்தை மூன்று முறை எழுதினேன்.

(அ) மென்பொருள் தானாகவே இருபதில் நின்றுவிட்டது.
[மென்பொருளுக்கு இருபதின் மேல் தனிப் பிரியம் எதுவும் இல்லை.]

(ஆ) எல்லோரும் போன பிறகு ஸ்ரீனிவாசன் கணினியைத் திறந்து—
[அவருக்குக் கடவுச்சொல் தெரியாது. ஒரு தாள் அச்சடிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார். அவர் செய்தது கேட்டது மட்டும்: "இருபது தாண்டினா எனக்கு மெமோ வரும்மா. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். கொஞ்சம் ரவுண்ட் பண்ணிடேன்." சங்கீதா என்ன பதில் சொன்னாள் என்ற வரியை நான் இன்னும் எழுதவில்லை.]

(இ) கருவியில் சார்ஜ் இறங்கிவிட்டது.
[இது என் கற்பனை அல்ல. ஜனவரியிலேயே அருள்முருகன் கேட்டிருந்தான்: "அக்கா, முப்பதுக்கு மேல ஆடுறோம், தாள்ல எப்பவும் இருபதுன்னே வருதே?" சங்கீதா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சார்ஜ் இறங்கியிருக்கும் தம்பி." அவன் நம்பினான். அடுத்த நாளிலிருந்து, மறக்காமல் சார்ஜ் போடுங்க அக்கா என்று தினமும் கருவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.]

6

வியாழன், பத்து ஐம்பது. குழு அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம். அருள்முருகன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அரை நாள் லீவு போட்டு வந்த மாயாண்டி, இஸ்திரி போட்ட சட்டையில்.

சங்கீதாவின் கையில் ஒரு பக்கம், காலியாக. பையில் ஒரு பென்டிரைவ். அதில் அந்த வாரத்தின் மூலப் பதிவு, சனிக்கிழமை உட்பட. மூலப் பதிவை அழிக்கக் கூடாது என்று ஆய்வகத்தில் பழக்கியிருந்தார்கள்.

உள்ளே நடக்கப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதிவைப் பார்த்து அவனுக்கு இடத்தைத் திருப்பித் தருவதாக எழுதலாம். பதிவை ஓரமாக வைத்துவிட்டு, அவளையும் அவனையும் ஒரே வாரத்தில் விமானம் ஏற்றுவதாக எழுதலாம். ஸ்ரீனிவாசன் என்ன ஆவார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கும். அவருக்கு அபுதாபியில் பள்ளிக்கூடம் போகும் மகள் ரக்ஷிதா இருக்கிறாள். எனக்கு இதில் எதுவும் தெரியாது. கதவு இன்னும் திறக்கவில்லை.

மாயாண்டி எழுந்து வந்தார்.

"நீங்கதானாம்மா அந்த மிஷின் பொண்ணு? தம்பி சொல்லும். மிஷின்ல சார்ஜ் எறங்கிப் போச்சுன்னு உள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க. மிஷின் மேல தப்புன்னா பய பொழச்சுக்கிருவான்."

"அதையேதான்க்கா நானும் லெட்டர்ல எழுதியிருக்கேன்," என்றான் அருள்முருகன்.

அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது அவள் கொடுத்த பொய்யை. அதை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தைக்கூட நிரூபிக்க முடியாது. சார்ஜ் இல்லையென்றால் சனிக்கிழமையும் இல்லை. அப்போது சங்கீதா—

சங்கீதா—

[இதற்கு மேல் சங்கீதாவால் முடியாது. அவளை இங்கேயே விட்டுவிடுகிறேன்.]

நான் சொன்னேன்:

"மிஷின் மேல தப்பு இல்ல, அங்கிள். முப்பத்தி நாலு மணி பத்து நிமிஷம்னு அது சரியாத்தான் எழுதுச்சு. இருபதா வெட்டினது நான்."