தோக்கியோவுக்குப் பதினொரு நிமிடம்

1943 ஜூலையில், ஜப்பான் பிடித்திருந்த மலாயாவின் சுங்கை பட்டாணியிலிருந்து தோக்கியோவுக்கு விமானப் பயணம் பதினொரு நிமிடம் என்று ஜப்பானிய அதிகாரி அறிவித்தார். மறுநாளிலிருந்து பதினொரு நிமிடம்தான் ஆயிற்று. நடுவில் மூவாயிரத்துச் சொச்சம் மைல் கடலும் காடும் முன்போலவே இருந்தன. கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியாகிவிட்டது, மணி ஒன்றான பிறகு தூரம் எதற்கு என்பது அவர் வாதம். விமானிகள் இங்கே குடித்த தேநீரின் சூடு நாக்கில் இருக்கும்போதே அங்கே போய் இறங்கினார்கள். கோலா கெடாவிலிருந்து கோலா கெத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வரவேண்டிய அரிசி மட்டும் பழையபடி பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது.

அறிவிப்பைத் தமிழில் எழுதித் தோட்டத்தில் ஒட்டியவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி மரியராஜ். சயாம் ரயில் பாதை வேலைக்கு நாற்பத்தாறு ஆண்களின் பெயரை எழுதிக் கொடுத்தவரும் அவரே. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அதிகாரி சொன்னதை அப்படியே அவர்களிடம் சொல்லியிருந்தார். ஒருவரும் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் தலைநிமிர்ந்து நடந்ததில்லை.

ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரி ராக்காயி அறிவிப்பைப் படித்துக் காட்டச் சொன்னாள். அவள் புருஷன் பழனியாண்டி அந்த நாற்பத்தாறு பேரில் ஒருவன்.

"தோக்கியோ தூரமா, சயாம் தூரமா, கிராணி ஐயா?"

"தோக்கியோதான்."

"அப்ப சயாமுக்கு எத்தன நிமிசம்? கேட்டுச் சொல்லுங்க."

மரியராஜ் கேட்டார். அதிகாரி ஒரு வாரம் யோசித்தார். சயாமுக்கு நாள்கணக்கில் ஆகும் என்றால் தோக்கியோவின் பதினொரு நிமிடம் பொய்யாகிவிடும். அறிவிப்பைப் பொய் என்பவருக்கு என்ன தண்டனை என்று போன மாதம்தான் அவரே அறிவித்திருந்தார். கடைசியில், விமானத்தில் மூன்று நிமிடம் என்று தாள் தயாரிக்கச் சொல்லி, வந்த தமிழ்த் தாளில் முத்திரை குத்தினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'விமானத்தில்' என்ற சொல்லை மரியராஜ் எழுதாமல் விட்டிருந்தார்.

"கண்டுபிடிச்சா என் தலைய எடுத்துருவான்," என்று தாளை ராக்காயியிடம் நீட்டினார். "நடந்தே போகலாம். போம்மா."

அவள் நடந்தாள். மூன்றாம் நிமிடத்தில், ரப்பர் மரங்கள் முடிந்த இடத்தில் சயாமின் மூங்கில் காடு, அதற்குள் முகாம். பழனியாண்டி காலில் புண்ணோடு மண் சுமந்துகொண்டிருந்தான். தடுக்க வந்த சிப்பாய் முத்திரையைப் பார்த்ததும் சல்யூட் அடித்து விலகினான்.

"எப்படி வந்த?" என்றான் பழனியாண்டி.

"நடந்துதான். அடுப்புல மரவள்ளி வேவுது, கெளம்பு."

அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போய், வாரத்துக்குள் முப்பத்தொரு ஆண்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ரயில் பாதையில் ஆள் குறைவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று நிமிடத்தை ரத்து செய்தால் பேரரசுக்குள் தூரம் கூடிவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும். அதிகாரி பதில் போடவில்லை.

கடைசியாகப் போனவள் நவமணி. அவள் புருஷன் முருகையா அங்கே காலராவில் செத்து ஒரு மாதமாகியிருந்தது. அவளுக்கும் போக மூன்று நிமிடம்தான் ஆனது. அவனுடைய சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வர இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் மரியராஜ் தோட்டத்து எல்லையில் நின்றிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவரும் கேட்கவில்லை, தோட்டத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. புருஷன் இல்லாமல் திரும்பி வருகிறவளுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.