ஃபார்மட் பண்ணிடலாம் சார்

"ஃபார்மட் பண்ணிடலாம் சார்," என்றார் மெக்கானிக், அவள் கணவனைப் பார்த்து.

கம்ப்யூட்டர் அவளுடையது. வீட்டு வரைபடங்கள் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். ஆனாலும் அந்த மனுஷனின் பார்வை அவள் தலைக்கு மேலாகவே போய், பின்னால் நின்ற கணவனிடம் இறங்கியது. தான் என்ன நாற்காலிக்கு மாட்டிய உறையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய மதர்போர்டு செத்துப்போய், காலையில்தான் புதுசு மாட்டினார். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் 'விண்டோஸ் உள்ள டிஸ்க் இல்லை' என்று ஒரே பல்லவியைப் பாடியது. கேபிளை மூன்று முறை பிடுங்கிச் சொருகினார். ரேமை ரப்பரால் தேய்த்தார். அதோடு அவர் வித்தை தீர்ந்தது. டிஸ்கைத் துடைத்துப் புது விண்டோஸ் போட, சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துவிட்டார்.

"அதுல என் வேலையெல்லாம் இருக்கு," என்றாள்.

"பேக்கப் இருக்கும்ல சார்?"

கணவன் பிடரியைச் சொறிந்தான். பேக்கப் இருந்தது, தனியாக ஒரு டிஸ்கில், போன மாதம் வரை. ஊருக்குப் போகும்போது படம் பார்க்க இடம் வேண்டுமென்று அந்த டிஸ்கை அவன் துடைத்துவிட்டான். இன்று காலையில்தான் வாயைத் திறந்தான். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு நெனச்சேன்" என்றான். பதினான்கு வீடுகள், இரண்டு வருட உழைப்பு.

"போர்டு செட்டிங்ஸ்ல டிஸ்க் பேர் காட்டுது. அப்ப டிஸ்க் நல்லாதான் இருக்கு. என் விண்டோஸ் பழைய முறையில போட்டது, புது போர்டு புது முறையில தேடுது. பழைய முறையை ஆன் பண்ணிப் பாருங்க," என்றாள்.

மெக்கானிக் சிரித்தார். "மேடம் யூடியூப் பாத்துட்டு சொல்றாங்க சார்."

கணவனும் சிரித்தான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பென்டிரைவ் நெருங்கியது. அவள் சொருகும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கைய எடும்மா, அவருக்குத் தெரியாதா?" என்றான் கணவன்.

எடுக்கவில்லை. மற்ற கையால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், செட்டிங்ஸுக்குள் போனாள், அந்த ஒரு வரியைத் தேடி மாற்றினாள். திரை கறுத்தது. பிறகு விண்டோஸ் எழுந்தது; ஒவ்வொன்றாக, பதினான்கு வீடுகளும் வந்து நின்றன.

மெக்கானிக் கொஞ்சமும் கூசவில்லை. "அதான் சார், புது போர்டுன்னா இப்படித்தான். மோட் மாத்தினா சரியாயிடும்."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. நீங்க இல்லன்னா திண்டாடியிருப்போம்," என்றான் கணவன்.

அவள் பாதியில் நின்ற ஒரு மாடிப்படியைத் திறந்து வரைய ஆரம்பித்தாள். மெக்கானிக், கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தடவினார்.

"ஸ்க்ரூவப் பாத்தீங்களா சார்?"

"இங்கதான இருந்துச்சு?" கணவன் செல்போன் வெளிச்சத்தோடு மேஜைக்கு அடியில் மண்டியிட்டான். மெக்கானிக்கும் குனிந்தார். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள்.

மூடியைக் கழற்றியபோதே உருண்டு விழப்போன நாலு ஸ்க்ரூவையும் பொறுக்கி வைத்தது அவள்தான். இப்போது மடியில் மூடியிருந்த இடது கைக்குள் அவை குத்திக்கொண்டிருந்தன. அவளை யாரும் கேட்கவில்லை. வலது கை அடுத்த படியை வரைந்தது.