ஆண்டாயி எண்ணிய தலைகள்

பள்ளிக்கூடச் சோதனைக்கு வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் வருகை ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி மேசைமேல் விரித்தபோதுதான் வைரக்கண்ணு வாத்தியாருக்குத் தான் செய்துவைத்த காரியம் விளங்கியது. காலையிலிருந்து முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ரிஜிஸ்டருக்கு ஒரு சாண் தள்ளி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாள் நோட்டுகள் எட்டும் அழகாக அடுக்கியிருந்தன. அடுக்கியது வேறு யாருமில்லை, அவரேதான். இருப்பதிலேயே நல்ல கையெழுத்து ஆண்டாயியுடையது என்று அவள் நோட்டைத் தேடி எடுத்து மேலே வைத்தவரும் அவரேதான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷர் தன் பெருமையால் கெட்டார்.

உடையார்பாளையத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில், முந்திரித் தோப்பும் செம்மண் புஞ்சைக் கொல்லையுமாகக் கிடக்கிற வேலங்குறிச்சியில் எட்டாவது வரை ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சர்க்கார் கிராண்ட் பணத்தில் ஓடுகிற பள்ளிக்கூடம். மேனேஜர் பண்ணை அமிர்தலிங்கம், ஊர்க் கொல்லையில் பாதிக்குச் சொந்தக்காரர். தலைமை வாத்தியார் வைரக்கண்ணு. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து அவர்தான் நடத்தினார். மூன்றுக்கும் சேர்த்து முப்பத்தொரு பிள்ளைகள்.

நடத்துவதிலே அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. சத்தம் போட்டு உருப்போடக் கூடாது என்பார். உருப்போட்டது பரீட்சை முடிந்த மறுநாள் பேதி மருந்து குடித்ததுபோல் போய்விடும் என்பது அவர் கட்சி. வாயை மூடிப் படி, புத்தகத்தை மூடு, படித்ததை உன் வார்த்தையில் சொல். ஒரு நாள் விட்டு அதையே திரும்பப் பார். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதே. இதுதான் அவர் பாடம். ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தெருவில் போனால் காதில் சத்தம் விழவேண்டாமா, பள்ளிக்கூடமா சாவு விழுந்த வீடா என்று கேட்டார்கள். வாத்தியார் தூங்குகிறார் என்று பண்ணையில் போய்ச் சொன்னவர்களும் உண்டு.

எட்டாம் வகுப்புக்கு மட்டும் ஒரு நோட்டு. யுத்தம் காகிதத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்த காலம் அது. பழைய தாள்களைப் பொறுக்கி, எழுதாத பக்கம் மேலே வருகிறாற்போல் மடித்து, அவர் மனைவி செல்வம்மாள் சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்துக் கொடுத்தாள். நாள்தோறும் வீட்டுக்குப் போகுமுன் அதில் மூன்று வரி எழுதவேண்டும். இன்று என்ன கற்றேன், எது புரியவில்லை, நாளைக்கு என்ன கேட்பேன். அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவன் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுவான், ஒருவன் மழையை எழுதுவான், ஒருவன் நிழலை அளப்பான். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதவேண்டும், கேள்விப்பட்டதை எழுதக்கூடாது. ஆண்டாயிக்கு வந்த வேலை, அன்றைக்குக் கூடத்தில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுவது. அவள் உட்காரும் இடம் வாசலை ஒட்டிய கடைசி இடம். அந்த இடத்தை அவளாகக் கேட்டு வாங்கவில்லை. சேரிப் பிள்ளைக்கு ஊர் ஒதுக்கிக் கொடுத்தது. வருகிறவர் போகிறவரை எண்ண அது தோதாக இருந்தது.

அவள் எண்ணினாள். கார்த்திகை பிறந்து, வேர்க்கடலை முற்றி மல்லாட்டை பறிப்பு ஆரம்பித்ததும் முப்பத்தொன்றில் பாதிப்பேர் பண்ணைக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். பதினாலு, பதினாறு, பதிமூன்று என்று அவள் உள்ளதை எழுதினாள். அதே நாட்களில், சாயங்காலம் பண்ணை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வைரக்கண்ணு ரிஜிஸ்டரை நிரப்பினார். இருபத்தொன்பது, முப்பது. வருகை குறைந்தால் கிராண்டில் கைவைத்துவிடுவார்கள், உமக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று அமிர்தலிங்கம் கேட்ட பிறகு அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து வைரக்கண்ணுவும் பண்ணை வீட்டு வைரக்கண்ணுவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல இரண்டு மாதம் இருந்தார்கள். இப்போது இருவரும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒல்லியான மனுஷர், அவசரமே இல்லாதவர். வருஷச் சோதனை என்பதால் தை மாதத்து அந்தக் காலையில் முப்பத்தொரு பிள்ளைகளும் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். பண்ணை ஆள் வீடு வீடாகப் போய் ஓட்டிவந்திருந்தான். அமிர்தலிங்கம் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊரில் வீரமுத்து என்று ஒரு வாத்தியார் இருந்தார். பொய் வருகை போட்டார் என்று அவருடைய வாத்தியார் சர்டிபிகேட்டைப் பறித்துவிட்டார்கள். இன்றைக்கு அவர் பெரம்பலூர்ப் பருத்தி மண்டியில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர் யாராவது வந்தால் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாராம். வைரக்கண்ணுவுக்கு மூன்று பிள்ளைகள். குடியிருக்கிற வீடும் பள்ளிக்கூடத்து வீடு. சர்டிபிகேட் போனால் அன்றைக்கே சட்டிப்பானையைத் தூக்கவேண்டும்.

நோட்டுகளை மெல்ல எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினார். மேசையில் இடைஞ்சலாக இருக்கிறது, உள்ளே வைக்கிறேன் என்று முணுமுணுத்தார். இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் முழங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு ஆறாவதை எழுப்பி வாய்ப்பாடு கேட்டார். ஏழாவதை எழுப்பி, படத்தில் காவேரி எங்கே பிறக்கிறது என்று காட்டச் சொன்னார். பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். வாத்தியார் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் கண் அந்த முழங்கையிலேயே இருந்தது. முருகா, செட்டிகுளத்துக்கு நடந்தே வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பொய்க்குத் துணை வரச்சொல்லிச் சாமியைக் கூப்பிடுகிறோமே என்று அதற்கும் பயந்தார்.

முழங்கை விலகியது. இன்ஸ்பெக்டர் மேல் நோட்டை எடுத்தார்.

முதலில் அவர் முகம் மலர்ந்தது. இது நல்ல ஏற்பாடு, ஜில்லாவில் வேறெங்கும் பார்க்கவில்லை என்றார். புரியாததைக்கூட எழுதச் சொல்லியிருக்கிறீரே என்று மெச்சினார். அவர் மெச்ச மெச்ச வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தில் நின்றார். பின்னுக்குப் போனார், முன்னுக்கு வந்தார். இடது கையால் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்தார்.

"டிசம்பர் அஞ்சாந்தேதி. வந்தவர் பதினாலு, வராதவர் பதினேழு, பண்ணைக் கொல்லையில் மல்லாட்டை பறிப்பு" என்று நிதானமாகப் படித்தார். "ரிஜிஸ்டர்ல இருபத்தொம்பது இருக்கு. இது யார் நோட்டு?"

அமிர்தலிங்கத்தின் விசிறி நின்றது. கடைசி இடத்திலிருந்து ஆண்டாயி எழுந்தாள். பதின்மூன்று வயது. அப்பன் கருப்பண்ணன் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன், ஆத்தாள் அதே பண்ணையில் களை எடுக்கிறவள். அந்தத் தெருவிலிருந்து எட்டாவது வரை வந்த ஒரே பெண்பிள்ளை. எட்டாவது சர்க்கார் பரீட்சை தேறிவிட்டால் திருச்சிக்கு அனுப்பி வாத்தியாரம்மா டிரெயினிங்கில் சேர்த்துவிடலாம் என்று வைரக்கண்ணு அவள் அப்பனிடம் சொல்லியிருந்தார். அவன் நம்பாமலே தலையாட்டியிருந்தான்.

எது சரி என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் அமிர்தலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தாழ்த்தவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு அப்பனுக்கு ஏர் இருக்குமா, ஆத்தாளுக்குக் களைக்கொட்டு இருக்குமா என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

"நான்தான் தப்பா எண்ணிட்டேங்க" என்றாள்.

இரண்டு மாசமாகவா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாங்க என்றாள். அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, இந்தக் கூடத்தில் இப்போது எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிச் சொல் என்றார்.

வாத்தியாருக்கு இதன் சூது புரிந்தது. சரியாகச் சொன்னால் போச்சு. அவள் தப்பாக எண்ணுகிற பெண் இல்லை என்று தெரிந்துவிடும், நோட்டு மெய், ரிஜிஸ்டர் பொய். அவள் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு போனாள். மழைநாளில் ஓடுகிற ஆட்டுமந்தையைக்கூட ஒரு தடவையில் எண்ணிவிடுகிற பெண்.

"இருபத்தாறுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னொரு தரம் எண்ணச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை இருபத்தெட்டு என்றாள். கூடமே கொல்லென்று சிரித்தது. அமிர்தலிங்கம் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை, கணக்கு எங்கேயிருந்து வரும், நாங்களும் ஏதோ இடம் கொடுத்துப் பார்க்கிறோம் என்றார். விசிறி மறுபடி ஆடியது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முப்பது வரை எண்ணத் தெரியாத பெண் எட்டாவதில் எப்படி உட்கார்ந்தாள் என்று கேட்டார். இவளைச் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்பினால் பள்ளிக்கூடத்துக்கும் கேடு, அவளுக்கும் கேடு என்றார். பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர் ஜாபிதாவை எடுத்து, சிவப்புப் பென்சிலால் ஆண்டாயி பெயரை அடித்தார். உமக்கு ஆட்சேபணை உண்டா என்று வாத்தியாரை ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

இல்லை என்று வைரக்கண்ணு தலையை ஆட்டினார். ஆட்டியது தன் தலைதானா என்று அவருக்கே தெரியவில்லை. தப்பித்தோம் என்கிற நினைப்பு முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது.

பண்ணை வீட்டில் சாப்பாடு முடிந்து, பொழுது சாய்கிற வேளைக்கு வில்வண்டி உடையார்பாளையத்துப் பாதையில் கிளம்பியது. எல்லை வரை கொண்டுவிட அமிர்தலிங்கமும் ஏறிக்கொண்டார். போகும்போது வாத்தியார் தோளைத் தட்டி, அந்த நோட்டையெல்லாம் இன்றைக்கே அடுப்பில் போடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியார் கூடத்துக்குத் திரும்பினார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஆண்டாயி மட்டும் வாசலில் நின்றாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அழவில்லை. பரீட்சை நாளில் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து விடையைச் சரிபார்க்கிறவள்போல நின்றாள்.

"நான் சொன்ன பதில் சரிதானுங்களா சார்?"

அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று எதையோ சொல்லிவைத்தார்.

"அடுத்த வருசம் வூட்டுல அனுப்ப மாட்டாங்க சார். பண்ணைக் கொல்லைக்கு ஆள் கேட்டிருக்காங்க" என்றாள். குறை சொல்கிற குரலில்லை, விவரம் சொல்கிற குரல். பிறகு மறுபடி கேட்டாள், "சரிதானுங்களா?"

தப்பு என்றால் அந்தத் தப்பு அவருடையது. சரி என்றால் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தப்பு. வைரக்கண்ணு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினார்.

நாற்பத்தாறு வயதில் ஓடி அவருக்குப் பழக்கமில்லை. செம்மண் பாதையில் வண்டித் தடத்துக்குள்ளே விழுந்து எழுந்து ஓடினார். முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாத்தியாருக்கு என்ன வந்தது என்று நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டி நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். நிற்காமல் போய்விடுமோ என்றும் பயம். செல்வம்மாள் முகம் வந்தது. பருத்தி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்குகிற வீரமுத்து முகமும் வந்தது. திரும்பிவிடு, திரும்பிவிடு என்று உள்ளே ஒருத்தன் கெஞ்சினான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

ஏரிக்கரை மேட்டில் மாடுகள் மெதுவானபோது பிடித்துவிட்டார். வண்டியின் பின்கட்டையைப் பற்றிக்கொண்டு இரைத்தார். எதையாவது வைத்துவிட்டு வந்தோமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியுங்க" என்றார் வாத்தியார். "அவ எழுதினது நெசம். ரிஜிஸ்டர்ல பொய் எழுதினவன் நான்."

வாத்தியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, வண்டியை ஓட்டு என்றார் அமிர்தலிங்கம். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சர்டிபிகேட் போயிடும், தெரியுமில்லையா ஓய்?"

தெரியும் என்றார். கை கட்டையை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஜாபிதாவையும் பேனாவையும் எடுத்தார். எத்தனை நாள் இப்படிப் பொய் வருகை போட்டீர், சரியாகச் சொல்லும் என்றார்.

வைரக்கண்ணு யோசித்துப் பார்த்தார். கார்த்திகை முழுக்கவா, மார்கழியில் எத்தனை நாள், பொங்கலுக்கு முன்னால் எத்தனை? ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. பொய்யை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "அவளைத்தான் கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். வண்டிக்காரனைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குத் திருப்பு என்றார்.