ஒரு தேருக்கு இரண்டு அம்மா

ஐம்பது கல்லூரிப் பெண்களுக்கு மேல் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு நான் சம்பளம் வாங்கும் அம்மா. பெயர் வெர்னா. கான்சஸில் இந்தக் கல்லூரி ஊரில் வெள்ளைத்தூண் வீடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். எவளுக்குக் காய்ச்சல், எவள் எவனோடு சண்டை, குளியலறையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது, எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். போன ஆகஸ்டில் வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்லீன் வந்து இறங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அதே மாதிரி கல்லூரிப் பையன்களின் வீடு. செங்கல் வீடு என்போம். அவர்களுடைய பழைய அம்மா முட்டி வலி தாங்காமல் மகளோடு போய்விட, அந்த இடத்துக்கு வந்தவள்தான் ஆர்லீன். கணவர் இறந்து இரண்டு வருஷமாம். என் வயதுதான். ஆனால் குச்சி மாதிரி உடம்பு. அறுபதைத் தாண்டிய பிறகும் ஒருத்திக்கு இடுப்பு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவளை வெறுக்க ஒரு நல்ல காரணம் அகப்படுமா என்று மாதக்கணக்கில் தேடினேன். அகப்படவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையல்காரருக்கு லீவு. பெண்கள் ஆளுக்கு எதையாவது வாங்கிக் கொறிப்பார்கள். ஆர்லீன் வந்த முதல் மாதமே ஒரு ஞாயிறன்று பெரிய அண்டாவில் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுச் சில்லி காய்ச்சி, கூடவே பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் சுட்டு வைத்தாள். சில்லியோடு அந்த ரொட்டி இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. மணம் வேலி தாண்டி வந்தது, என் பெண்கள் வேலி தாண்டிப் போனார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் செடிவேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

ஒரு நாள் ப்ரின் தட்டோடு வந்தாள். எங்கள் வீட்டுப் பெண்களின் தலைவி அவள். முதல் வருஷம் ஊர் நினைப்பில் என் மடியில் படுத்து அழுதவள்.

“வெர்னாம்மா, ஆர்லீனம்மா உங்களுக்கும் ஒரு ரொட்டி குடுத்து விட்டாங்க.”

“எனக்கு இனிப்பு ஆகாது. அங்க வை.”

அவள் மாடியேறிய பிறகு தின்றேன். குறை சொல்ல முடியாத ரொட்டி. வயிறு நிறைந்தது, வயிற்றெரிச்சலும் ஏறியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தேர் விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

ஏப்ரலில் கிரேக்க வாரம். எங்கள் வீடு மாதிரி கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்துச் சட்டையிலும் போட்டுக்கொள்ளும் வீடுகளெல்லாம் அந்த வாரம் புத்தகத்தை மூடிவிட்டுக் கயிறு இழுக்கும், மேடையில் ஆடும், சேற்றில் புரளும். ஒரு பெண்கள் வீட்டுக்கு ஒரு பையன்கள் வீடு ஜோடி. யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கடைசி நாள் தேர்ப்போட்டி. பலகையில் தேர் செய்து, பழைய சைக்கிள் சக்கரம் மாட்டி, பிள்ளைகளே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்து ஓடுவார்கள், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் டிரம்மைச் சுற்றிப் புறப்பட்ட கோட்டுக்கே திரும்பி வர வேண்டும். தேருக்குள் வீட்டு அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அம்மாவோடு அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் செல்லும். எங்களோடு ஜோடி சேர்ந்த பையன்கள் வீடுகளில் பாதிக்கு அம்மாவே கிடையாது. இருந்தவர்களுக்கும் தேர் என்றால் பயம். அதனால் ஒன்பது வருஷமாக எங்கள் தேரில் நான்தான். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. ஆனாலும் வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் ராணி.

இந்த வருஷம் சீட்டில் செங்கல் வீடு வந்தது. அதாவது ஒரு தேர், இரண்டு அம்மா.

ப்ரின்னும் டேட்டமும் என் அறைக்கு வந்தார்கள். டேட்டம் செங்கல் வீட்டுப் பையன், தேர் இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவன். தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டு நின்றான். மரியாதை கூடினாலே எனக்குச் சந்தேகம்தான்.

“வெர்னாம்மா, கோச்சுக்க மாட்டீங்களே?” என்றாள் ப்ரின்.

“கோச்சுக்கிற மாதிரி என்ன சொல்லப்போற?”

“இந்தத் தடவ ஆர்லீனம்மா உக்காரட்டுமேன்னு...”

“ஏன், எனக்கு உக்காரத் தெரியாதா?”

“அது இல்ல வெர்னாம்மா,” என்றான் டேட்டம். “வெயிட்டு...”

ப்ரின் அவன் காலை மிதித்தாள்.

“வெயிட்டா?” என்றேன்.

“காத்து! எதிர்க்காத்த சொல்றான் வெர்னாம்மா. மைதானத்துல பயங்கரக் காத்து.”

“காத்துக்கு என் மேல மட்டும் என்னடி கோவம்?”

டேட்டம் தொப்பியை இன்னொரு சுற்றுத் திருகினான். நான் வாய்விட்டு அழாததுதான் மிச்சம். “தாராளமா உக்காரட்டும், எனக்கென்ன?” என்றேன். ஒரு பொம்பளை ‘எனக்கென்ன’ என்றால் அதற்கு என்ன பொருள் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது. “நீங்க தங்கம், வெர்னாம்மா!” என்று கட்டிப்பிடித்துவிட்டு வேலி ஓட்டை வழியாக ஓடினார்கள், அவளிடம் நல்ல சேதி சொல்ல.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் ஆர்லீனே வந்தாள்.

“வெர்னா, எனக்கு ஒரே கூச்சமா இருக்கு. பசங்க வந்து கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நீங்களே உக்காருங்களேன்?”

“பிள்ளைங்க ஆசப்பட்டுக் கேட்டிருக்கு. உக்காருங்க.”

“அப்ப எனக்கு ஏதாவது சொல்லிக்குடுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்.”

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மனசு ஒரு கணம் ஊசலாடியது. ஆனால் நான் பொறாமைக்காரி, பாதகத்தி இல்லை. “டிரம்ம சுத்தி வளைக்கிற எடத்துல ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கங்க,” என்றேன். “கூட்டம் கத்தும். நாமளும் கை காட்டலாம்னு தோணும். காட்டாதீங்க. ஒன்பது வருஷத்துல நான் ஒரு தடவகூட கைய எடுத்ததில்ல.”

“ரெண்டு கையும். சரி,” என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

சனிக்கிழமை மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த டிரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோட்டுப் பக்கம் உட்கார்ந்தால் அவள் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டுமே. தூரத்தில் அவளைத் தேரில் ஏற்றினார்கள். ஊதாப் போர்வை, தலையில் தங்கத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். போன வருஷம் வரை அதே கிரீடம் என் தலையில் இருந்தது. அவளுக்குத்தான் பொருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

விசில் அடித்ததும் என் பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். “அம்மா! அம்மா! அம்மா!”

எனக்குக் காது அடைத்துப்போனது. என்னை எப்போதும் ‘வெர்னாம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் ஒட்டாத வெறும் அம்மாவை இத்தனை வருஷத்தில் அந்த வாய்களிலிருந்து நான் கேட்டதில்லை. எட்டு மாசம் ரொட்டி சுட்டவளுக்கு அது கிடைத்துவிட்டது.

தேர் பறந்து வந்தது. மற்ற தேர்களெல்லாம் பின்னால். வளைவு வந்தது. யாரோ “அம்மா, இங்க பாருங்க!” என்று கூவினார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கையை எடுத்து ஆட்டினாள். தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆர்லீன் மூட்டை மாதிரி புல்லில் உருண்டாள்.

இழுத்த கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, கத்திய கூட்டமும் முன்னால் ஓடுகிறவர்களைத்தான் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டு, வெறும் தேரை இழுத்துக்கொண்டு, முன்னைவிட வேகமாக ஓடினார்கள். கோட்டை முதலாவதாகத் தாண்டிக் குதித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், உள்ளங்காலிலிருந்து உச்சிவரை குளிர்ந்தது.

பிறகுதான் எழுந்து ஓடினேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் கசிந்தது. கிரீடம் நசுங்கியிருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை.

“கைய எடுத்துட்டேன் வெர்னா.”

“பாத்தேன். எலும்பு கிலும்பு...?”

“ஒண்ணுமில்ல.” கோட்டுப் பக்கம் பார்த்தாள். குரல் சின்னதாகிவிட்டது. “திரும்பிக்கூடப் பாக்கல, பாத்தீங்களா?”

“பாக்க மாட்டாங்க,” என்றேன். புல்லில் கிடந்த ஷூவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்தத் தேர்ல உக்காந்தா தெரியறதெல்லாம் முதுகுதான். ஒன்பது வருஷமா நான் பாத்தது அதான். நாம சம்பளத்துக்கு அம்மா, ஆர்லீன். மே மாசம் படிப்பு முடிஞ்சதும் பொட்டியக் கட்டிட்டுக் கெளம்பிடுவாங்க. கார்க்கதவு சாத்தற சத்தம்தான் நமக்கு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. இவள் நல்லவள்தான், ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த ஓட்டை வழியாகப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது கோட்டுப் பக்கம் சத்தம் சட்டென்று நின்றது. ஆர்லீனைத் தோளில் தூக்குவதற்காகத் தேர்ப் பக்கம் திரும்பியவர்கள் காலி இருக்கையைப் பார்த்திருக்க வேண்டும்.

“அம்மா!”

அத்தனை பேரும் திரும்பி ஓடி வந்தார்கள். தேரிலிருந்து கழற்றிய கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட இல்லை, அது பின்னால் புல்லில் இழுபட்டுக்கொண்டு வந்தது. ப்ரின் கண் மையெல்லாம் கரைந்து முழங்காலில் விழுந்தாள். “அம்மா, வலிக்குதாம்மா? எங்க அடிபட்டுச்சு? சாரிம்மா, சாரிம்மா!” நடுவர் பின்னாலேயே வந்து, அம்மா இல்லாத தேர் செல்லாது, கோப்பை உங்களுக்குக் கிடையாது என்றார். “கப்பு கெடக்குது, விடுங்க சார்!” என்றான் டேட்டம். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

நாலு பேர் கையைக் கோத்து ஆர்லீனை அலுங்காமல் தூக்கினார்கள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன ப்ரின் தலையைத் திருப்பினாள். எனக்கு நெஞ்சு துள்ளியது.

“வெர்னாம்மா, அந்த ஷூவ மறக்காம எடுத்துட்டு வாங்க!”

எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எனக்கு முன்னால் மறுபடியும் அத்தனை முதுகுகள். விழுந்தால் திரும்பி வருவார்களா என்பதே தெரியாமல், ஒன்பது வருஷம் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. ஒரு தடவையாவது நான் கையை விட்டிருக்கலாம்.