முப்பத்தோராவது கையெழுத்து

அந்த மனுவில் முப்பத்தோராவதாக என் பெயர் இருந்தது. பெயருக்கு நேராக ஒரு கையெழுத்து. வளைவு நெளிவோடு, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. நான் போட்டதல்ல. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கோடெல்லாம் இழுக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. வந்த ஆறாம் மாதமே ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்கு மூவாயிரம் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, சூடான உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் சுருண்டு மாட்டிக்கொள்ளும். இயந்திர இரைச்சலில் எதிரே நிற்பவர் பேசினால் உதடு அசைவதுதான் தெரியும்.

எனக்கு எதிர் முனை பிடித்தவள் நெட்டையாக இருப்பாள். தலையின் இரண்டு பக்கமும் மழித்து, நடுவில் சேவலுக்கு நிற்பது மாதிரி கத்தரிப்பூ நிறத்தில் முடி. மூக்கில் இரண்டு வளையம், கழுத்தில் பச்சை குத்திய பல்லி. மனதுக்குள் அவளுக்குக் கொண்டை என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரே விரிப்பைப் பிடித்திருந்தோம். 'காலை வணக்கம்', 'நாளை பார்ப்போம்' தவிர அதிகம் பேசியதில்லை.

எங்கள் மேற்பார்வையாளருக்குச் சொடக்குப் போட்டுத்தான் ஆளைக் கூப்பிடத் தெரியும். பெயர்கள் சுவரில் பட்டியலாகத் தொங்கும், வாயில் மட்டும் வராது. ஒரு நாள் உருளை சூடேறி நான்கு விரிப்புகள் கருகின. இயந்திரக் கோளாறு. காலையிலேயே நான் சொல்லியிருந்தேன். அவர் வந்து என் மூக்குக்கு நேராக மூன்று சொடக்குப் போட்டு, கருகிய துணியைக் காட்டி, 'இது என்ன?' என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. தமிழில் வந்தது.

"நாயக் கூப்பிடுறியா? ஒம்பது வருஷமா உன் துணிய மடிச்சு மடிச்சு என் முதுகு மடிஞ்சு போச்சு. எனக்குப் பேரு இருக்கு. பேரு சொல்லு. சொல்ல வாய் வலிக்குதா? பேரு சொல்லு."

யாரோ இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். கூடம் முழுக்கக் கேட்டது. அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனாலும் இரண்டடி பின்னால் போனார்.

உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்தேன். கொண்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தொண்டைய இத்தன நாளா எங்க வச்சிருந்த?" என்று இந்த ஊர் மொழியில் கேட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்ற?"

சனிக்கிழமை என்றால் எனக்குச் சங்கம். நம் ஆட்கள் ஒரு கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து, காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். என் கணவர் செயலாளர். பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பின்கட்டில் பெண்கள் சமைப்போம். எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை, ஒன்பது வருடமாக அதே வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தி கண்ணைச் சிமிட்டி, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பாள். அழுகிறேனா, வெங்காயமா என்று யாருக்கும் தெரியாததில் ஒரு வசதி இருந்தது. சங்கத்தின் ஆண்டு மலரில் எங்கள் படத்துக்குக் கீழே 'செயலாளர், துணைவியாருடன்' என்று போடுவார்கள். துணைவியாருக்குப் பெயர் போட இடம் இல்லையாம்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கம் முடிந்துவிடும். நான்கு மணிக்குக் கொண்டை என்னை எங்கே கூட்டிப்போனாள் என்றால், அதே தெருவுக்கு. சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடங்கு. வாசலில் ஆணி பதித்த தோல் சட்டை, முழங்கால் கிழிந்த கால்சட்டை, பட்டாளத்து பூட்ஸ் என்று ஒரே கூட்டம். சங்கத்து ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்து, 'காலிப் பசங்க' என்று நானும் சொல்லியிருக்கிறேன். நான் சுடிதாரோடு, தோளில் கைப்பையோடு நின்றேன்.

வாசலில் நின்றவர் பிளம்பர். காது முழுக்க வளையம். என் பெயரைக் கேட்டார். சொன்னேன், தப்பாகச் சொன்னார். திருத்தினேன், மறுபடியும் தப்பு. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருக்க, சரியாக வரும்வரை ஐந்து தடவை கேட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். இந்த நாட்டில் யாரும் எனக்காக அவ்வளவு மெனக்கெட்டதில்லை. நம் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உள்ளே பாட்டுக் கச்சேரி. சத்தம் சுவரை உலுக்கியது. ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடினார்கள். சண்டை என்று நினைத்து ஒதுங்கினேன். ஒருத்தன் கீழே விழுந்தான். கண் மூடித் திறப்பதற்குள் நான்கு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. பிறகும் பார்த்தேன். யார் விழுந்தாலும் அப்படித்தான். அது அங்கே சட்டம் என்று கொண்டை சொன்னாள்.

கொண்டை டிரம்ஸ் அடிப்பாள். பிளம்பர் கிட்டார். மழலையர் பள்ளி ஆசிரியை ஒருத்தி பேஸ் கிட்டார். பாடுகிறவன் ஊர் மாறிப் போய்விட்டான். மூன்றாவது வாரம் மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"எனக்குப் பாட வராது," என்றேன்.

"பாட்டு யாருக்கு வேணும்? அன்னிக்கு அவன்கிட்ட கத்துனியே, அதையே கத்து."

கத்தினேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் போன பிறகு, தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத எழுபது பேர், 'பேரு சொல்லு, பேரு சொல்லு' என்று என்னோடு சேர்ந்து கத்தினார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போது பசித்தது. எத்தனையோ வருடம் கழித்து நன்றாகப் பசித்தது.

என் கணவருக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியாது. நான் மறைக்கவில்லை, அவர் கேட்கவில்லை. "வேலை செய்யிற இடத்துல தோழிங்க இருக்காங்க, வெளிய போயிட்டு வரேன்," என்பேன். "சாப்பாடு வச்சிட்டியா?" என்பார். ஏழு மாதம் அப்படித்தான் போனது.

எட்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை கிடங்குக்குள் போனதும் பேச்சு நின்றது. ஆசிரியை மேசைமேல் இருந்த தாள்களைத் தள்ளினாள். கிடங்கை மூடச் சொல்லி நகராட்சிக்குப் போன மனுவின் நகல். இரைச்சல், ஒழுங்கீனம், குழந்தைகளின் பாதுகாப்பு என்று எழுதி, கீழே நாற்பது கையெழுத்துகள். எல்லாம் சங்கத்து ஆட்கள்.

"முப்பத்தொண்ணு நீதானே?" என்று பிளம்பர் கேட்டார். என் பெயரை அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர், அன்றைக்கு எண்ணைச் சொன்னார்.

"பேரு என்னோடது. கையெழுத்து நான் போடல."

"இந்தத் தாள்ல போட்டுக் காட்டு."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கொண்டை தாளைப் பிடுங்கிக் கசக்கினாள். "அவ சொன்னா போதும்," என்றாள். நான் இன்னொரு தாளை எடுத்துப் போட்டே காட்டினேன். பிளம்பர் பார்த்தார். காதுமடல் சிவந்துபோய், "தப்பா நெனச்சுட்டேன்," என்றார். மன்னித்தேன் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. மனுவை மறுபடி வரிசையாகப் பார்த்தேன். ஒன்பது பெண்களின் பெயருக்கு நேராக, இந்த ஊர் எழுத்தில், அதே வளைவு, அதே கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மின்சாரப் படிவத்திலும் வங்கித் தாளிலும் இருக்கிறது.

வீட்டில் அவர் சங்கத்துக் கடிதங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நகலை முன்னால் வைத்தேன்.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"அத அப்புறம் சொல்றேன். என் கையெழுத்த நீங்க எப்படிப் போட்டீங்க?"

"நாப்பது பேர் வேணும்னு தலைவர் சொன்னாரு. வீடு வீடா அலைய முடியுமா? புருஷங்ககிட்ட போன்ல கேட்டேன், சரின்னாங்க, போட்டேன்."

"என்கிட்ட கேக்கலயே. பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."

"நீ என்ன வேண்டாம்னா சொல்லியிருக்கப் போற?"

"சொல்லியிருப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போறது அந்தக் கிடங்குக்குத்தான்."

அவர் உறையை ஒட்டுவதை நிறுத்தினார். "அங்க தரை தொடைக்கிற வேலை ஏதாச்சும் கிடைச்சிருக்கா?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். என்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கொதித்திருக்காது.

"பாடுறேன்," என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"என் பேர எடுத்துடுங்க."

"குடுத்தாச்சு. இனிமே எடுத்தா சங்கத்துக்கு அசிங்கம். ஒரு கையெழுத்து, அதுக்குப் போய் இவ்ளோ பேச்சா?"

பத்து நாள் கழித்து நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. காலை பத்து மணி. ஒரு பக்கம் தலைவர், என் கணவர், சங்கத்து ஆட்கள், எல்லாரும் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். நான் மறு பக்கம் கொண்டைக்கும் பிளம்பருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் பின்வரிசையில் இருந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தலைவர் அவர் காதில் என்னவோ சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். தலைவர் கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள், பண்பாடு, பெண்களின் அச்சம். "எங்க பெண்கள் அந்தத் தெருவில் நடக்கவே பயப்படுறாங்க," என்றார். நான் எழுந்தேன்.

"முப்பத்தொண்ணு என் பெயர். கையெழுத்து என்னுடையது இல்லை," என்றேன். இந்த ஊர் மொழியில் எனக்கு இலக்கணம் உதைக்கும். அன்றைக்கும் உதைத்தது. "என்னை யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் நான் பயந்ததில்லை. அவர்கள் வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. எங்கள் பாட்டு நான்கு மணிக்கு ஆரம்பிக்கிறது. எந்தக் குழந்தைக்கு இரைச்சல் என்று கேட்டுச் சொல்லுங்கள்."

"எங்கள் பாட்டு என்றால்?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் பாடுகிறேன்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கி, மனுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, இங்கே வந்திருக்கும் மற்றப் பெண்களின் கையெழுத்து அவர்களுடையதுதானா என்று கேட்டார். முப்பத்துநான்காவது பெயர் நகைக்கடைக்காரர் மனைவியுடையது. எழுந்தாள். கணவனைப் பார்த்தாள். "ஆமாங்க, நான்தான் போட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மற்ற இருவரும் அப்படியே சொன்னார்கள்.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிவு அன்றைக்கே வந்தது. என் பெயரை மட்டும் அடித்தார்கள். மீதி முப்பத்தொன்பதும் செல்லும். கிடங்கை மூட வேண்டாம். ஆனால் பாட்டு ஆறு மணியோடு நிற்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும். கொண்டை என்னைக் கட்டிப் பிடித்தாள். பிளம்பர் என் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லி, நன்றி என்றார். அப்போது மன்னித்தேன்.

கழிப்பறையில் நகைக்கடைக்காரர் மனைவி கை கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இந்த ஊர் எழுத்தே தெரியாது அக்கா. உங்களுக்கும் தெரியும்ல."

"தெரியும். அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"நான் வீட்டுக்குப் போகணுமே," என்றாள். குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன். அவள்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து தலைவர் கணக்கில் ஏறியது.

என் கணவர் மூன்று வாரம் பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். தட்டைக் கழுவியது அதுதான் முதல் தடவை. நாலாவது வாரம், செய்தி பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க என்னைப் பத்தியும் கத்துறியா?"

"ரெண்டு வரி."

"தலைவரப் பத்தி?"

"பாட்டே அவர்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டார்.

சங்கத்திலிருந்து விலகுவதாக நான் கடிதம் எழுதினேன். இரண்டே வரி, கீழே கோழி கிளறிய கையெழுத்து. பத்தாம் நாள் பதில் வந்தது. உறைமேல் என் கணவர் பெயர். உள்ளே, 'தங்கள் துணைவியாரின் விலகலை ஏற்றுக்கொள்கிறோம்' என்று அவருக்கு எழுதியிருந்தார் தலைவர். என் கணவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பிறகு பேனாவையும் நீட்டினார்.

தாளைத் திருப்பி, 'எழுதியது நான், எனக்குப் பதில் எழுதவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். புது உறையில் போட்டு, அனுப்புநர் இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன். இதுவரை பதில் இல்லை. இன்னும் பத்து நாள் பார்ப்பேன். அப்புறம் நேரில் போவேன்.