பலகைக்குக் கீழே

கழுவாத வீட்டுக்குள் மருமகளைக் கூப்பிடுவார்களா? ராஜாம்பாள் அப்படித்தான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ரம்யா வருகிறாள் என்றதும் புதன்கிழமையே மஞ்சள் கரைத்து எட்டு வாளித் தண்ணீரைக் கூடத்தில் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டாள். கூடத்தில் இருந்தது புதிதாகப் போட்ட மரத்தரை என்பதை அவள் பொருட்படுத்தவில்லை. வாசக்கால் மழையில் நனையாததா என்பது அவள் கட்சி.

லோடு ஆட்டோவோடு இரண்டு நாள் சேலம் பக்கம் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் சின்னசேலம் திரும்பிய அவள் மகன் தீனதயாளன் கதவைத் திறந்தான். கூடத்தின் நடுவில் பலகைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பாய்க்கு அடியில் ஆள் படுத்திருப்பது போல மேடாக எழும்பி நின்றன.

"இன்னாம்மா பண்ண?"

"வூட்டக் கழுவுனேன்டா. நல்ல நாளும் அதுவுமா வேற இன்னா பண்ணுவாங்க?"

அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ரம்யா பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஏழு மாத வயிற்றோடு இதே கூடத்தில் வழுக்கி விழுந்தவள் அவள். அப்போது அங்கே இருந்தது, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறதென்று தீனதயாளன் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த டைல்ஸ். குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எலவனாசூர்கோட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், "அந்த டைல்ஸ ஒடைச்சுப் போட்டுட்டுக் கூப்புடுங்க. அது மேல இனிமே என் காலு படாது" என்று மட்டும் சொல்லியனுப்பினாள். கேட்டது அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் கரியாலூரில் ஒரு காட்டேஜில் தங்கினார்கள். மலைக்குளிருக்கு அங்கே தரையெல்லாம் பலகை. "காலுக்குக் கதகதன்னு இருக்குது, வழுக்கவே இல்ல" என்று ரம்யா வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தாள். அதை நினைத்துத்தான் மரத்தரை போடத் தச்சர் கண்ணாயிரத்தைக் கூட்டிவந்தான். நிலை, கதவு, கட்டில் என்றால் கண்ணாயிரத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தரை மட்டும் அவர் அதுவரை போட்டதில்லை.

"எதுக்குங்க ஒடைச்சிக்கினு? டைல்ஸ் மேலயே போட்டுடலாம். ரெண்டே நாளு வேல" என்றார்.

பத்து மாதம் தனியாகக் கிடந்தவனுக்கு இரண்டு நாள் என்ற சொல் தேனாக இனித்தது. சரியென்றான். அதோடு விட்டானா? ஒடைச்சாச்சு என்று ரம்யாவிடம் போனில் சொல்லி, பக்கத்துத் தெருவில் யாரோ இடித்துக் கொட்டியிருந்த டைல்ஸ் குப்பையைப் படம் பிடித்து அனுப்பியும் வைத்தான். கேடுகெட்ட புத்தி, வேறென்ன சொல்ல. கண்ணாயிரமோ பலகைகளைக் கதவுக்குச் சேர்ப்பது போலவே சுவரோடு சுவராக இறுக்கி, "நூலு நுழையாதுங்க" என்று பெருமைப்பட்டார். ஊறி உப்பிய மரத்துக்குப் பக்கவாட்டில் விரிய இடமில்லை. மேலேதான் வந்தது.

இப்போது கண்ணாயிரத்துக்குப் போன் போட்டான். கள்ளக்குறிச்சியில் வேலையாக இருந்தார். "காயட்டுங்க. தானா அடங்கிடும்."

"எப்போ அடங்கும்?"

"ஒரு மாசம் ஆவும்."

மாட்டுக்கொட்டகையிலிருந்து மக்காச்சோள மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து மேட்டின்மேல் போட்டான். இந்தப் பக்கம் அமுங்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. இன்னொரு மூட்டை போட்டான். போதாமல் தானும் ஏறி நின்று மிதித்தான். படீரென்று ஒரு பலகை பிளந்து வெளியே துள்ளி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பையோடு ரம்யா வந்து நின்றாள்.

அவள் மூட்டையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. பிளந்த இடத்தையே பார்த்தாள். பலகைக்குக் கீழே அதே டைல்ஸ் ஈரத்தில் பளபளவென்று கிடந்தது.

"ஒடைச்சிட்டேன்னு சொன்னியே."

"தப்புதான் ரம்யா. நீ சீக்கிரம் வந்துட்டா போதும்னு..."

"நாந்தான்மா தண்ணி ஊத்துனேன்" என்று குறுக்கே வந்தாள் ராஜாம்பாள்.

ரம்யா உள்ளே வரவில்லை. வெளிப்படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாலு மணிக்குத் திரும்பிப் போற பஸ்சு இருக்குது" என்றாள்.

தீனதயாளன் கடப்பாரையை எடுத்தான். பீரோவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆசையாகப் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பெயர்த்தான். பிறகு டைல்ஸில் ஓங்கி ஓங்கிப் போட்டான். ஒவ்வொரு அடிக்கும் வீடே அதிர்ந்தது. ராஜாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடைந்ததைக் கூடையில் அள்ளிக் கொல்லையில் கொட்டினாள். சில்லு தெறித்துத் தீனதயாளன் காலில் ரத்தம் வந்தது, உள்ளங்கை கொப்பளித்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தெருமுனையில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. அவன் கை நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாம் தடவை அடித்தது. பிறகு பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டு, மெல்ல மெல்ல அதுவும் ஓய்ந்தது.

போய்விட்டாள் என்றே நினைத்தான். கடப்பாரையைப் போட்டுவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"அந்த பீரோ அடியில இன்னும் ஒரு டைல்ஸ் இருக்குது பாருங்க" என்றாள் ரம்யா, படியிலிருந்தே.