பொரிந்துபோன மழை

கலையகத்துத் தொலைபேசி திடீரென்று அலறியது. நேசமணியின் கையிலிருந்த சுளகு சரிந்து, ஒரு கிலோ பயறும் தரையெங்கும் சிதறி ஓடியது.

ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் நிலவறையில்தான் புலம்பெயர்ந்த தமிழர்களின் செம்பருத்தி வானொலி இயங்கியது. பதினொரு வருடமாக எஃப்.எம்.மில் கரகரத்துக்கொண்டிருந்த வானொலி, 2008 மே மாதத்தின் அந்தச் சனிக்கிழமைதான் முதன்முதலாக டிஜிட்டலில் ஏறியிருந்தது. மறுநாள் மூன்று மணிக்குப் போகவேண்டிய நாடகத்தின் ஒத்திகையையே பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். நாடகத்தில் வரும் மழை, நேசமணியின் பொறுப்பு. சுளகில் பயறைச் சாய்த்துச் சாய்த்து உருட்டினால் போதும். கேட்பவர்கள் கொடியில் காயும் உடுப்பை நினைத்துப் பதறுவார்கள்.

ரவீந்திரன் தொலைபேசியை எடுத்தான். நாடகத்தில் மகளுக்குக் கதவைத் திறக்காத கல்நெஞ்சுக்காரத் தகப்பனாக நடிப்பவன் அவன். ஒரு நிமிடம் கேட்டான். கல்நெஞ்சு கரைந்து சிரிப்பாக வந்தது.

"யோகண்ணை, ஆரோ இந்தியாக்காரர். டிஜிட்டலிலை கேட்டுக்கொண்டிருக்கிறாராம். 'என்னங்க, மழைன்னு சொல்லிட்டு வடை சுடுறீங்களா? எண்ணெய் ரொம்பக் காஞ்சிடுச்சு போல' எண்டு கேக்கிறார்."

"பேரைக் கேள்."

"வைச்சிட்டார்."

வானொலியின் பொறுப்பாளர் யோகலிங்கம் தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றினார். "டிஜிட்டல் எண்டால் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று ஒரு மாதமாக ஒலிபரப்பில் சொல்லிவந்தவர் அவர். ஆனால் அவர் கேட்டதெல்லாம் கலையகத்து மேசையிலிருந்து நேரே வரும் ஒலியைத்தான். ஒலிபரப்பாகிப் போனபின் வீட்டுக்கு வீடு எப்படிக் கேட்கிறது என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அவர் வாங்கிய ஒரே டிஜிட்டல் வானொலிப் பெட்டி திராமன் நகரில், அவருடைய வீட்டுச் சமையலறையில் இருந்தது.

மனைவி தர்மினிக்குப் போன் எடுத்தார். நேசமணி பயறைக் கூட்டி அள்ளி மறுபடியும் உருட்டினாள்.

"அந்தாள் சொன்னது சரிதான்" என்றாள் தர்மினி. "ஆனால் எனக்கு வடை மாதிரித் தெரியேல்லை. அப்பளம்."

ரவீந்திரன் ஓடிப்போய் ஓர் இசைத்தட்டைத் தேடி எடுத்துவந்தான். உண்மையான மழையை ஒலிப்பதிவு செய்த தட்டு. அதையும் போட்டார்கள்.

"இப்ப பூரி" என்றாள் தர்மினி.

யோகலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். "டிஜிட்டலிலை எங்களுக்குத் தந்த இடம் சின்னன், நேசமணி. ஒரு பஸ்ஸிலை எட்டு வானொலியை ஏத்தியிருக்கிறாங்கள். ஒராள் கதைச்சால் இடம் காணும். மழை எண்டால் ஆயிரம் துளி. அவ்வளவும் ஏறாது. மெசின் பாதியை றோட்டிலை இறக்கிவிட்டிட்டு, மிச்சத்தைக் களியாக்கிக் கொண்டு போகுது."

"அப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"மழையை வெட்டுவம். 'வெளியே மழை பெய்கிறது' எண்டு ரவி வாசிச்சால் காணும். இனி எல்லா நாடகத்துக்கும் அப்பிடித்தான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நேசமணிக்குக் கூடுதலாகச் சுட்டது. கிழமை முழுவதும் ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பவள் அவள். சனி ஞாயிறில் மட்டும் அவளே மழை, அவளே கடல், அவளே குதிரை. அதையும் ரவீந்திரன் வாசித்து முடித்துவிட்டால், அவளுக்கு இங்கே என்ன வேலை?

"அண்ணை, நாளைக்கு மூண்டு மணி வரைக்கும் பொறுங்கோ. நான் வேறை மழை கொண்டுவாறன்."

"எங்கையிருந்து, வருசம் முழுக்க மழை பெய்யிற பேர்கனிலையிருந்தோ?" என்றான் ரவீந்திரன்.

"நீ வாயை மூடிக்கொண்டு கதவைத் திறக்காமல் இரு. உனக்கு அதுதானே நடிப்பு."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது கணவன் அரசரத்தினம் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். வாடகைக்கு ரக்ஸி ஓட்டுபவன். மனைவியின் நாடகம் ஒன்றையும் கேட்டதில்லை என்பதை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்பவன்.

"என்ன, முகம் தொங்குது?"

"ஒண்டுமில்லை. மழையை வெட்டப் போகினமாம்." வடைக் கதையை அவள் சொல்லவில்லை. சொன்னால் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பான்.

"உந்த நாடகங்களை ஆர் கேக்கினம்?" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் குளியலறைக்குள் போய்த் துவாயை அலசித் தொங்கவிட்டாள். அரைகுறையாகப் பிழிந்த துவாயிலிருந்து தண்ணீர், கவிழ்த்து வைத்த வாளியில் சொட்டியது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக்.

"நேசம், பைப்பை வடிவாய்ப் பூட்டு" என்று அரசரத்தினத்தின் குரல் வந்தது. "இந்தச் சத்தத்துக்குள்ளையும் அந்த ஒரு துளிதான் காதுக்குள்ளை நிக்குது."

நேசமணி வாளியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு துவாயை மறுபடியும் நனைத்தாள்.

ஞாயிறு, மூன்று மணிக்குச் சற்று முன். வெளியே நல்ல வெயில். நேசமணி ஒரு பெரிய பையோடு நிலவறைக்குள் இறங்கினாள். வெறும் பால்மாத் தகரப் பேணி, குடை, பாத்திரம் கழுவும் பஞ்சு, ஈரத் துவாய்.

"சுளகு எங்கை?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"லீவிலை விட்டிட்டன்."

நாடகம் தொடங்கியது. மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு வருடம் கழித்துத் தகப்பனின் வாசலில் வந்து நிற்கும் காட்சி. நேசமணி குடையைப் படக்கென்று மடக்கினாள். நனைந்த பஞ்சை மேசையில் அழுத்தினாள். சளக். சளக். ஈரச் செருப்போடு ஒருத்தி படியேறினாள். பிறகு துவாயைப் பேணிக்கு மேலே பிடித்தாள். டொக். சற்றுப் பொறுத்து, டொக். அந்தப் பெண் "அப்பா" என்று கூப்பிட்டாள். மூன்று துளிகள் விழுந்தன. எழுதித் தந்ததற்கு மேலாகவே ரவீந்திரன் மௌனமாக இருந்தான்.

பாட்டுப் போட்ட இடைவெளியில் தொலைபேசி அலறியது. எல்லோரும் நேசமணியைப் பார்த்தார்கள். யோகலிங்கம் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ" என்று தர்மினியின் குரல் அறைக்கே கேட்டது. "அந்த ரவியிட்டைச் சொல்லி முதல் கதவைத் திறப்பியுங்கோ. பிள்ளை தெப்பமாய் நனைஞ்சு போய் நிக்குது."

யோகலிங்கம் தொலைபேசியை மெல்ல வைத்தார். "நேசமணி, அடுத்த கிழமை நாடகத்திலை ஒரு கப்பல் தாழுது" என்றார். "அதை எத்தினை துளியிலை தாழ்ப்பீர்?"

"யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை."

நாடகம் முடிந்து படியேறி வெளியே வந்தபோது, அரசரத்தினத்தின் ரக்ஸி வாசலில் நின்றது. அவள் கூப்பிடவில்லை. அவன் வருவதாகச் சொல்லவும் இல்லை. அவள் முன்கதவைத் திறந்தாள். இருக்கையில் புத்தம்புதிய டிஜிட்டல் வானொலிப் பெட்டியொன்று கம்பியை நீட்டிக்கொண்டு கிடந்தது. அரசரத்தினம் அதை அவசரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி குரலை மாற்றிக் கேட்டான்:

"என்ன மேடம், இன்னைக்கு வடை இல்லீங்களா?"